ஏழாவது கண்ணிக்கு உரிய பெயர்

ஷோதெலெக் ஊரில் உப்பு கரிப்பதை நிறுத்தியது ஒரு வெள்ளிக்கிழமை காலை, பத்து மணிச் செய்தி முடிந்து ரேடியோவில் பாட்டுப் போட்ட நேரத்தில். எதெல்கா அப்போது அடுப்பில் பீன்ஸ் சூப்பைக் கிண்டிக்கொண்டிருந்தாள். அதற்கு ஒரு நிமிஷம் முன்னால் ருசி பார்த்தபோது உப்பு சரியாகத்தான் இருந்தது.

டிரான்சில்வேனியா மலைகளில் ஹங்கேரி மொழி பேசுகிறவர்களின் ஊர் அது. டிரான்சில்வேனியா என்றதும் ரத்தம் குடிக்கிறவர்கள் உங்கள் ஞாபகத்துக்கு வந்தால் அது சினிமா பார்த்த வினை. அந்த ஊர்க்காரர்கள் குடிப்பது பிளம் பழச் சாராயம், தின்பது உப்பில் பதம் போட்ட பன்றிக் கொழுப்பு, இரண்டுக்கும் நடுவே மெல்லுவது பக்கத்து வீட்டுச் சங்கதி. மண்ணுக்கடியில் அத்தனையும் உப்புப் பாறை. ஊர் நடுவே ஓர் உப்புக் கிணறு, கிணற்றுக்கு ஒரு மரக்கதவு, கதவுக்கு ஒரு பூட்டு, பூட்டுக்கு உரிய சாவி எதெல்காவின் இடுப்பில். சனிக்கிழமைதோறும் அவள் கதவைத் திறந்து வீட்டுக்கு இத்தனை வாளி என்று உப்புநீர் இறைத்துக் கொடுப்பாள், அதில்தான் ஊர் முழுக்க முட்டைக்கோஸ் ஊறும், இறைச்சி ஊறும். அறுபத்தெட்டு வயது, கல்யாணம் செய்துகொள்ளாதவள், ஊரில் பாதிப்பேருக்கு அவள் எதெல்கா நேனி. அத்தையானாலும் பெரியம்மாவானாலும் அங்கே நேனிதான்.

பக்கத்து வீட்டு வில்மாவின் அடுப்படி ரேடியோவிலிருந்து டமடமவென்று மிஷின் மேளம் கேட்டது. ஜன்னல் திறந்திருந்தது. வில்மா இடுப்பை ஆட்டிக்கொண்டே பாத்திரம் கழுவுவது இங்கிருந்தே தெரிந்தது. மேளத்துக்கு மேலே ஒரு பெண்குரல், அதற்கு மேலே ஏதோ மின்சார வாத்தியம், எல்லாவற்றுக்கும் அடியில், சட்டையை மாற்றிப் போட்டாலும் நடையை மாற்ற முடியாத ஆளைப் போல, ஒரு பழைய மெட்டு. இரண்டாவது அடியிலேயே எதெல்காவுக்குத் தெரிந்துவிட்டது. அது அவள் தங்கை ஓர்ஷியின் பாட்டு. ஆறு கண்ணிகள் முடிந்தன. அதற்குப் பிறகு ஓர் ஆண்குரல், வயதானாலும் வெண்ணெய் தடவிய குரல், இல்லாத ஏழாவது கண்ணியைப் பாடியது: "ஷோதெலெக், ஷோதெலெக், எல்லாம் உனக்கே, என் இனிய ஷோதெலெக்."

எதெல்கா சூப்பை மறுபடி ருசி பார்த்தாள். சப்பென்று இருந்தது. ஒரு பிடி உப்புப் போட்டாள், இன்னொரு பிடி போட்டாள், கடைசியில் உப்பு ஜாடியிலேயே விரலை விட்டு நக்கினாள். மணலை நக்கியது மாதிரி இருந்தது. தன் மணிக்கட்டை நக்கிப் பார்த்தாள், வேர்வையிலும் ஒன்றும் இல்லை.

"பாவிப்பயல்," என்றாள் அடுப்பைப் பார்த்து. "தன் தலைக்கு வந்ததை நம்ம தலையில கட்டிட்டான்."

இது என்ன கதை என்றால், அந்த ஊரில் சாபப் பாட்டுக்கு ஒரு முறை உண்டு. ஏமாற்றப்பட்டவள் பாட்டுக் கட்டுவாள், ஏழு கண்ணி. ஆறில் சாபம் இருக்கும், ஏழாவதில் அது யாருக்கு என்ற பெயர் இருக்கும். ஆறையும் கிணற்று வாயில் நின்று பாடிவிடலாம், அதனால் ஒருவருக்கும் ஒன்றும் ஆகாது, விலாசம் எழுதாத கடிதம் எங்கே போய்ச் சேரும்? ஏழாவதை மட்டும் நம்பிக்கையான ஒருத்தியிடம் காதோடு சொல்லி ஒப்படைக்க வேண்டும். குற்றவாளி திருந்தி வர அவகாசம் கொடுக்கிற ஏற்பாடு அது. என்றைக்காவது அந்தப் பெயர் பாடப்பட்டால் அது பெயருக்கு உரியவர் காதிலும் விழ வேண்டும், கிணற்றின் காதிலும் விழ வேண்டும். அப்போதுதான் பலிக்கும்.

நாற்பத்துமூன்று வருஷத்துக்கு முன்னால் பெர்க்கி லோராந்த் என்ற இளைஞன் புடாபெஸ்டிலிருந்து பெரிய டேப்ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு நாட்டுப்பாடல் சேகரிக்க வந்தான். எதெல்கா வீட்டில் இரண்டு குளிர்காலம் தங்கினான். ஓர்ஷி அவனுக்கு நூற்றுப் பன்னிரண்டு பாட்டுப் பாடிக் கொடுத்தாள், சமைத்துப் போட்டாள், சட்டைக்குப் பித்தான் தைத்தாள். ஊர் முன்னால் அவள் உள்ளங்கையிலிருந்து அவன் உப்பை நக்கித் தின்றான். அங்கே அதுதான் நிச்சயதார்த்தம். பனி உருகியதும் "அப்பா அம்மாவைக் கூட்டிட்டு வர்றேன்" என்று போனவன் போனவன்தான். நாடாக்களை மட்டும் மறக்காமல் எடுத்துப் போயிருந்தான்.

ஓர்ஷி இரண்டு வருஷம் காத்திருந்தாள், பிறகு பாட்டுக் கட்டினாள். "உப்பைத் தின்னவன் தண்ணி குடிக்காம எங்க போவான்" என்று கிணற்றுக்குள் பார்த்துச் சொல்லிவிட்டுத் தொடங்கினாளாம்.

*என் உள்ளங்கை உப்புத் தின்றவனே,
உன் ரொட்டியில் உப்பு ஏறாமல் போகட்டும்.*

இரண்டாவது கண்ணியில் சூப், மூன்றாவதில் இறைச்சி, நாலாவதில் வேர்வை, ஐந்தாவதில் ரத்தம், ஆறாவதில் கண்ணீர். ஏழாவதை அக்காவின் காதில் சொன்னாள். சொல்லிவிட்டு ஒரு சத்தியமும் வாங்கினாள்: "அவன் வந்து மன்னிப்புக் கேட்டுட்டா பாடாதே. வாக்குக் குடு." எதெல்கா பல்லைக் கடித்துக்கொண்டு வாக்குக் கொடுத்தாள். அடுத்த சில வருஷத்தில் ஓர்ஷி ஒரு ஜனவரியில் நெஞ்சில் சளி கட்டிப் போய்ச் சேர்ந்தாள். அன்றிலிருந்து எதெல்கா தினமும் காலையில் முகம் கழுவியதும் லோராந்தை ஒரு தடவை திட்டிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவாள். மூன்று கடிதம் போட்டாள், பதில் இல்லை. தங்கைக்காக அவள் அழவும் இல்லை. அழுதால் ஆத்திரம் கரைந்துபோகும் என்று பயந்தாள்.

ஆறு கண்ணிகள் மட்டும் ஊரில் தங்கிவிட்டன. பல் பிடுங்கிய பாம்புதானே என்று இலையுதிர்காலத்தில் முட்டைக்கோஸ் சீவும்போது பெண்கள் எல்லோரும் பாடுவார்கள். தங்கையின் சொற்கள் இத்தனை வாயில் இருக்கிறதே என்று எதெல்காவுக்கும் அது பிடித்திருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் புடாபெஸ்டிலிருந்து ஒரு மாணவி வந்து கேட்டபோதும் பாடிக் காட்டினார்கள். அங்கேதான் தப்பு நடந்தது. மாணவி அந்தப் பதிவைக் கொண்டுபோய்க் கொடுத்தது தன் பேராசிரியரிடம், அவரோ சாட்சாத் லோராந்த், இப்போது நரைத்த ஜடாமுடியும் ஒரு இசைக்குழுவும் வைத்துக்கொண்டு பழைய பாடல்களுக்குப் புதுச்சட்டை தைக்கிற பெரிய மனிதர். ஆறு கண்ணியோடு பாட்டு அந்தரத்தில் நிற்கிறதே என்று அவர் காதுக்கு உறுத்தியிருக்கிறது. ஏழாவதைத் தானே எழுதி, பாட்டு வந்த ஊரின் பெயரை ஆசையாக அதில் வைத்துவிட்டார். வில்மாவின் ஜன்னல் திறந்திருந்தது, ஜன்னலுக்கு எதிரே கிணறு இருந்தது, கிணறு கேட்டுக்கொண்டது.

ஊர் இதற்கெல்லாம் அசந்துவிடவில்லை. கடையிலிருந்து புது உப்பு வாங்கி வந்தார்கள், ஆற்றுப் பாலத்தைத் தாண்டி ஊருக்குள் நுழைந்ததும் அதுவும் சுண்ணாம்புப் பொடியாகிவிட்டது. பாலத்துக்கு அந்தப் பக்கம் உப்பு உப்பாகத்தான் இருந்தது. எனவே மூன்றாம் நாள் முதல் மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு ஊரே சூப்புச் சட்டியைத் துணியில் கட்டித் தூக்கிக்கொண்டு பாலத்தைத் தாண்டிப் போய், அந்தக் கரையில் உட்கார்ந்து, உப்புப் போட்டுச் சாப்பிட்டுவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தது. ஊர்த்தலைவர் கெர்கெய் அங்கே பெஞ்சுகளும் மழைக்கு ஒரு தகரக் கூரையும் போட்டுக் கொடுத்தார். பத்து வருஷமாகப் பேசாமலிருந்த இரண்டு சம்பந்தி வீட்டார் ஒரே பெஞ்சில் உட்கார நேர்ந்து சமாதானமாகிப் போனார்கள், சமாதானமாயிருந்த நாலு வீட்டார் ஒருவர் சட்டியை ஒருவர் எட்டிப்பார்த்துப் பகையானார்கள். போதகர் ஞாயிற்றுக்கிழமை வாசிக்க வேண்டியிருந்த "நீங்கள் பூமிக்கு உப்பாயிருக்கிறீர்கள்" என்ற பகுதியை மரியாதை கருதித் தாண்டிப் போனார். "புஸ்தகப்படி பார்த்தா நீங்க எல்லாரும் செத்திருக்கணும். அதனால புஸ்தகத்தைப் பார்க்காதீங்க," என்று சொன்ன டாக்டர், எல்லோருக்கும் ரத்த அழுத்தம் இறங்கியதில் சந்தோஷமாகவே இருந்தார். பசுக்கள் மட்டும் தொழுவத்து உப்புக்கட்டியை நக்கிவிட்டு எஜமானர்களை ஒரு பார்வை பார்த்தன.

ஆனால் நவம்பர் வந்தது. வில்மாவின் முட்டைக்கோஸ் பீப்பாய்கள் அழுகித் தெருவே நாறியது. கிறிஸ்துமஸுக்கு முன்னால் பன்றி அறுக்க வேண்டும், அறுத்தால் உப்பில்லாமல் இறைச்சி மூன்று நாள் தாங்காது, அது இல்லாமல் அந்த மலையில் ஒருவரும் குளிர்காலத்தைத் தாண்ட முடியாது. பாலத்துக்கு அப்பால் பதம் போட்டுக் கொண்டுவந்த இறைச்சியும் இரண்டாம் நாளே புழுத்தது. அந்த வாரம் ஒரு கிழவனார் இறந்தார். அடக்கத்தில் அவர் மகள் அழுதபோது கண்ணீர் உதட்டில் பட்டு, "அப்பாவுக்காக அழறது கூட வெறும் தண்ணியா இருக்கே" என்று இன்னும் சத்தமாக அழுதாள். அன்று சாயந்திரம் கோயில் கூடத்தில் ஊர்க்கூட்டம் போட்டார்கள்.

"நேனி, பெயரைச் சரியாப் பாடிட்டா உப்பு வந்துருமா?" என்று கேட்டார் கெர்கெய்.

"வந்துரும். தப்பா ஏறின வண்டியிலருந்து இறங்கிச் சரியான வண்டியில ஏறிப் போயிரும். ஆனா அவன் இங்க வரணும்."

"வரவழைச்சுரலாம். கௌரவக் குடிமகன் பட்டம் குடுக்கிறோம்னு எழுதினா அவனை மாதிரி ஆளு நடந்தே வருவான்."

"இன்னொண்ணு இருக்கு," என்றாள் எதெல்கா. "அவன் மன்னிப்புக் கேட்டுட்டா நான் பாடமாட்டேன். ஓர்ஷிக்கு வாக்குக் குடுத்திருக்கேன்."

வில்மா பெஞ்சிலிருந்து எழுந்து நின்றாள்.

"எங்க குளிர்காலச் சோறு அவன் வாயில இருக்குன்னு சொல்றீங்களா?" என்றாள் வில்மா.

"ஆமா. கேட்டுட்டான்னா வேற ஊருக்குத்தான் போகணும். நானும் உங்களோட சட்டியத் தூக்கிட்டு வர்றேன்."

அவள் மனசு என்ன பாடுபட்டது என்று அவளுக்குத்தான் தெரியும். அவன் மன்னிப்புக் கேட்கக் கூடாதே, கேட்கக் கூடாதே என்று அவளுக்குள் ஒருத்தி மண்டியிட்டு வேண்டிக்கொண்டிருந்தாள். அதனாலேயே, தங்கைக்குப் பயந்து, அவனுக்கு ஒன்றல்ல, மூன்று சந்தர்ப்பம் கொடுப்பது என்று முடிவு செய்தாள். போதகர் தன் ஊழியத்தில் முதல்முறையாக ஒரு பாவி மனந்திரும்பாமல் இருக்க ஜெபித்தார். வார்த்தைகள் சரியாக வராமல் நடுவில் இரண்டு தடவை இருமினார்.

டிசம்பர் முதல் சனிக்கிழமை லோராந்த் வந்தார், குழுவோடும் டெலிவிஷன் கேமராவோடும். ஊரில் யாரும் போடாத பூத்தையல் மேற்சட்டை போட்டிருந்தார். பாலத்தில் இறங்கிக் கண்ணை மூடி மூச்சை இழுத்து, "ஆகா, மண்ணோட ஆதி வாசனை" என்றார். அது வில்மாவின் முட்டைக்கோஸ்.

எதெல்கா முன்னால் வந்து வெறும் உள்ளங்கையில் ஊரின் சப்பென்ற உப்பை வைத்து நீட்டினாள். விருந்தாளிக்கு அந்த ஊரில் தட்டில்தான் கொடுப்பார்கள், கையில் கொடுப்பது நிச்சயதார்த்தத்துக்கு மட்டும். பின்னால் நின்ற முந்நூறு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். லோராந்த் குனிந்து நக்கினார். "என்ன அருமையான உப்பு" என்றார். அப்புறம் கேமராப் பக்கம் திரும்பி, "இது ரொம்பப் பழைய விருந்தோம்பல் சடங்கு. உன்னை நம்புகிறோம்னு அர்த்தம்" என்று ஊருக்கே ஊர் வழக்கத்தை விளக்கினார். எதெல்கா கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். ஒன்று போயிற்று.

அங்கிருந்து கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனாள். வழியெல்லாம் கெர்கெய் கூடவே ஓடினார், லோராந்த் வாயைத் திறக்கும்போதெல்லாம் ஒரு கோப்பைச் சாராயத்தை நீட்டினார், வில்மா கேக்குத் துண்டோடு மறுபக்கம் நின்றாள். "இவங்க அன்பைப் பாருங்க" என்று லோராந்த் மெய்சிலிர்த்தார். "தள்ளி நில்லுங்க," என்றாள் எதெல்கா. "அவர் பேசணும்னா பேசட்டும்." செதுக்கிய மரத்தூண் ஒன்றின் முன்னால் அவரை நிறுத்தினாள். அவர் அதைப் போட்டோ எடுத்தார்.

"அழகான வேலைப்பாடு. யாரோடது?"

"என் தங்கச்சி. ஓர்ஷி. ரெண்டு குளிர்காலம் உங்களுக்குச் சமைச்சுப் போட்டவ."

அவர் சிரித்தார். கெட்ட சிரிப்பு என்று சொல்ல முடியாது, ஞாபகமே இல்லாத சிரிப்பு. "அந்தக் காலத்துல இருநூறு வீட்ல சாப்பிட்டிருக்கேன் அம்மா. எல்லா வீட்லயும் ஒரு ஓர்ஷி இருந்தா."

எதெல்கா அவன் கழுத்தை அங்கேயே பிடித்திருப்பாள். ஆனாலும் மூன்று என்று சொன்னது மூன்றுதான், பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தாள்.

மேடை கிணற்றடியிலேயே போட்டிருந்தது. கிணற்றின் மரக்கதவைக் காலையிலேயே திறந்து வைத்திருந்தாள். குழு பாடியது, ஆறு கண்ணிகளுக்கும் டமடம, பிறகு அவருடைய ஏழாவது. கைதட்டி முடித்ததும் பட்டயத்தைக் கொடுக்க எதெல்காவைக் கூப்பிட்டார்கள். அவள் ஒலிபெருக்கியின் முன்னால் நின்றாள்.

"ஒரே ஒரு கேள்வி. இந்தப் பாட்டு யாருது?"

"மக்கள் பாட்டுக்குச் சொந்தக்காரங்க கிடையாதும்மா. அது மண்ணுல முளைக்குது. நாம பறிச்சுக்கிறோம்."

"பறிச்சதுல யாருக்காவது வலிச்சிருந்தா? அவகிட்ட சொல்றதுக்கு ஏதாவது இருக்கா உங்களுக்கு?"

முன்வரிசையில் போதகர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். கெர்கெய் கையில் கோப்பையோடு பாதி எழுந்தார், எதெல்கா பார்த்த பார்வையில் மறுபடி உட்கார்ந்துவிட்டார். லோராந்த் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார், அதை எல்லோரும் பார்த்தார்கள்.

"நன்றின்னு சொல்வேன்," என்றார் கடைசியில். "ஆறு கண்ணியோட அநாதையா நின்ன பாட்டு அது. ஏழாவதைக் குடுத்து அதுக்கு வாழ்வு குடுத்தது நான்."

"ஏழாவது இருக்கு," என்றாள் எதெல்கா. "ஆள் வரட்டும்னு எடுத்து வச்சிருந்தோம்."

லோராந்தின் முகம் மலர்ந்துவிட்டது. நாற்பது வருஷமாகச் சேகரிப்பவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? "பாடுங்க, பாடுங்க. பதிவு பண்ணுங்கப்பா," என்று ஆட்களை விரட்டி, ஒலிபெருக்கியைத் தன் கையாலேயே அவள் வாய் உயரத்துக்கு இறக்கி வைத்தார்.

எதெல்கா பாடகி இல்லை. வாளி இறைத்து இறைத்துத் தடித்த குரல். மேளம் கிடையாது, வாத்தியம் கிடையாது, முகத்தைக் கிணற்றுப் பக்கம் வைத்துக்கொண்டு, உயரத்தில் தொடங்கிப் படிப்படியாக இறங்குகிற அந்தப் பழைய மெட்டில் பாடினாள்:

*ரொட்டியும் சூப்பும் இறைச்சியும் வேர்வையும்
ரத்தமும் கண்ணீரும் யாருக்கு என்றால்,
பெர்க்கி லோராந்துக்கு, ஓர்ஷியின் கையில் தின்ற
பெர்க்கி லோராந்துக்கு, வேறு யாருக்கும் இல்லை.*

கிணற்றுக்குள் அது ஒரு தடவை சுற்றி அடங்கியது. லோராந்த் தன் பெயரைக் கேட்டுக் கை கூப்பினார். தன்னைக் கௌரவித்துப் பாடியதாக நினைத்துக்கொண்டார், பாவம்.

எதெல்காவின் முகத்தில் ஏதோ ஓடியது. துடைக்கவில்லை. முப்பது வருஷத்துக்கு மேலாக அடைத்துக் கிடந்தது உதடுவரை இறங்கி வாய்க்குள் போனது. கரித்தது. நன்றாகக் கரித்தது. ஓர்ஷி போய்விட்டாள், என் ஓர்ஷி போய்விட்டாள் என்று மேடையிலேயே நின்று அழுதாள். கீழே வில்மா தன் மணிக்கட்டை நக்கினாள், அவளைப் பார்த்துப் பக்கத்திலிருந்தவள் நக்கினாள், கெர்கெய் நக்கினார், போதகர் யாரும் பார்க்காதபடி நக்கினார். ஒரு சத்தமும் போடாமல், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, பந்திக்கு எழுந்தார்கள்.

பந்தியில் எல்லாமே அந்தக் காலைவரை ஊரில் இல்லாத ருசியோடு இருந்தது. ஊர் தலை நிமிராமல் தின்றது. நடு நாற்காலியில் உட்கார்ந்திருந்த லோராந்த் சூப்பை ஒரு கரண்டி வாயில் வைத்தார், நிறுத்தினார், இன்னொரு கரண்டி வைத்தார்.

"உப்பு கொஞ்சம் கிடைக்குமா?"

மேஜையின் கோடியிலிருந்து உப்பு ஜாடி கை மாறி வந்தது. ஒவ்வொருவரும் அதை இரண்டு கையாலும் வாங்கி இரண்டு கையாலும் கொடுத்தார்கள். அவர் போட்டுக்கொண்டார். ருசி பார்த்தார். மறுபடி போட்டார். ரொட்டியைக் கடித்தார், கொழுப்பைக் கடித்தார், கடைசியில் ஜாடிக்குள் விரலை விட்டு நக்கினார். "இது நல்ல உப்பு இல்லை போலிருக்கே" என்றார். இன்னொரு ஜாடி வந்தது, அதே மரியாதையோடு. பிறகு மூன்றாவது வந்தது. அதற்குள் அவர் நெற்றியில் வேர்வை வடிந்து உதட்டுக்கு இறங்கியிருந்தது. நாக்கால் அதைத் தொட்டவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

எதிரே இருந்த எதெல்காவை நிமிர்ந்து பார்த்தார்.

"ஓர்ஷி," என்றார். "இடது உள்ளங்கையில அரிவாள் வெட்டின தழும்பு. உப்பு அதுக்குள்ள தங்கியிருந்தது."

"ஆமா."

"என்னை மன்னிச்சிருங்க," என்றார் லோராந்த். குரலில் வெண்ணெய் இல்லை. கண் நிறைந்து வழிந்தது. உதட்டுக்கு வந்ததும் திடுக்கிட்டுத் துடைத்துக்கொண்டார்.

எதெல்கா தன் ரொட்டித் துண்டை சூப்பில் தோய்த்து நிதானமாக மென்று விழுங்கினாள். காலையில் பாலத்தில் சொல்லியிருக்கலாம், கல்லறையில் சொல்லியிருக்கலாம், மேடையில் சொல்லியிருக்கலாம், சொல்லியிருந்தால் இந்த மேஜையே பாலத்துக்கு அந்தப் பக்கம்தான் இருந்திருக்கும். அதையெல்லாம் அவள் அவரிடம் சொல்லவில்லை. கூஜாவை எடுத்து, ஒரு தம்ளர் நிறையத் தண்ணீர் ஊற்றி, அவர் முன்னால் தள்ளி வைத்தாள்.

"குடி," என்றாள்.